பத்தி இருபத்து மூன்று

முன்பெல்லாம் ஒரு கோப்பைப் பார்க்க
லைட் ஸ்திரீட் பதிவகத்தில் மனு எழுதி
கட்டணம் கட்டி
சுஹைமி தே தாரிக் குடித்து முடிக்கும்வரை
நிற்க வேண்டும்.
இப்போது வழக்கு எண்ணை அடித்தால் போதும்.

பவுனம்மா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை,
இடைவேளையில், நீதிமன்றப் படிக்கட்டுக்கு.
கையில் பதினாறு தாள்.
"தங்கச்சி மவ நெட்ல எடுத்துக் குடுத்தா.
எல்லாம் இங்கிலீசு.
அன்னைக்கு என் பக்கத்துல நின்னது நீதானே,
நீயே படிச்சுச் சொல்லு."

ஒன்பது வருடம்.
எனக்கு அந்த முகம் மறந்திருந்தது.
தாள்தான் ஞாபகப்படுத்தியது:
ஜெலுத்தோங் நெடுஞ்சாலை, நின்றிருந்த லாரி,
பின்னிரவு மழை,
திருமாறன், வயது இருபத்தாறு.

படித்துக்கொண்டே போனேன்.
வாதி, பிரதிவாதி.
டயர் தடம் பதினொரு மீட்டர்.
பின்விளக்கு எரிந்ததா, எரியவில்லையா
என்று இரண்டரைப் பக்கம்.
தன் கதையை வேறு யாரோ சொல்லக் கேட்பதுபோல்
தலையாட்டிக்கொண்டே வந்தாள்.

இருபத்து மூன்றாம் பத்தியில்
என் நாக்கு நின்றது.

'இறந்தவர் காற்றைப்போல வேகமாக ஓட்டக்கூடியவர்
என்பதை அவருடைய தாயாரே
சாட்சிக்கூண்டில் ஒப்புக்கொண்டார்.
எனவே விபத்தில் நாற்பது விழுக்காடு
அவர் பொறுப்பு.'

"நான் எங்க அப்படிச் சொன்னேன்?"

சொல்லவில்லை.
மகன் எப்படி வண்டி ஓட்டுவான் என்று வக்கீல் கேட்டார்.
அவள் வண்டியையே காதில் வாங்கவில்லை.
"என் புள்ளையா?
கூப்பிட்டா காத்தா வந்து நிப்பான்" என்றாள்.
எனக்கு அன்று அது ஆறாவது வழக்கு.
டியா லாஜு மாச்சம் ஆங்கின், யாங் ஆரிஃப்.
காற்றுபோல் வேகம்.
நாலு சொல்லில் முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

தமிழிலிருந்து மலாய்க்கு, மலாயிலிருந்து ஆங்கிலத்துக்கு,
காற்று மட்டும் பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தது.
'வந்து நிப்பான்'
வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

"அக்கா, அது உங்க வாய் இல்ல. என் வாய்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
எந்த வரி என்று கேட்டாள்.
காட்டினேன். விரலை அங்கேயே வைத்துக்கொண்டாள்.

"இத யாரு வேணும்னாலும் பாக்கலாமா?"
"பாக்கலாம்க்கா. காசுகூட வேணாம்."
"அழிக்க?"
"முடியாது."

கொஞ்ச நேரம் கார்கள் போவதைப் பார்த்தாள்.
"அப்போ நீ சொன்னவன்தான்
இனிமே எல்லாருக்கும் என் மவன்."

பிறகு தாளை நாலாய் மடித்துக் கைப்பையில் திணித்து
ஃபெரிக்கு நேரமாச்சு என்று போய்விட்டாள்.

ஆயர் ஈத்தாம் பதினான்காம் மாடியில்
துணி இயந்திரம் சுற்றும் சத்தத்தில்
நேற்றும் திறந்து பார்த்தேன்.
என் பெயர் எங்கும் இல்லை.
'மொழிபெயர்ப்பாளர் மூலம்' என்று மட்டும் இருக்கிறது.
பதினேழு வருடத்து வழக்கு எண்களை
ஒவ்வொன்றாய் அடிக்கத் தொடங்கி
நாலாவதில் நிறுத்திவிட்டேன்.
துணி காயப்போட வேண்டியிருந்தது.

இன்று காலை ஒரு வாடகைப் பாக்கி வழக்கு.
சாட்சி எட்டியப்பன், காவலாளி வேலை,
இரவு ஷிப்ட் முடித்து அப்படியே வந்திருக்கிறார்.
"ஒரு மாசம் தவணை கேட்டேன்மா.
மூஞ்சக் காட்டிட்டாரு."

முகத்தைக் காட்டினார்.
மலாயில் சரளமாய் வந்து
பல்லுக்குப் பின்னால் நின்றது அந்த வாக்கியம்.
வாயைத் திறந்தேன்.
மூடினேன்.

"யா, ஜுருபாசா?" என்றார் நீதிபதி.

எட்டியப்பன் என்னைப் பார்த்தார்.
ஒலிப்பதிவுக் கருவியில்
சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.