பச்சைக் கோட்டில் நின்ற முள்

கோணவட்டம் சர்வீஸ் ரோட்டில்
வெல்டிங் பொறிக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவே
இனாயத்துல்லாவின் கடை.
மேசையில் விரித்த பழைய தினத்தாளின் மேல்
இரண்டு டெம்பரேச்சர் மீட்டர்கள்.
ஒன்றின் முதுகில் சுருண்டு கிடக்கும் செம்புக் குழாய்.
மற்றதன் முதுகில் மூன்று ஒயர், ஒரு பஸ்ஸர்.
என் கையில் தொள்ளாயிரம் ரூபாய்.
"எது வேணும் சொல்லுக்கா" என்கிறார்
புடவை விரித்துப் போட்டவர் மாதிரி.

போன வெள்ளிவரை எங்கள் டேங்கரில் ஒரு முள் இருந்தது.
பச்சைக் கோட்டை விட்டு
அது எழுந்து நான் பார்த்ததில்லை.
அப்துல்லாபுரத்துக் கிணற்றில் ஏற்றிக்கொண்டு
ஆஸ்பத்திரி லாட்ஜுகளுக்கு ஓடிய கத்திரி மதியம்,
பானெட்டில் புகை வந்த பிறகும்
அது பச்சையில்தான் நின்றது.
ஹெட் வளைந்துவிட்டது. முப்பத்தெட்டாயிரம்.

முதுகில் பன்னிரண்டாயிரம் லிட்டர்,
ரேடியேட்டரில் ஒரு சொம்பு இல்லை.
ஆட்டோக்காரன் ஒருத்தன் நின்று சிரித்துவிட்டுப் போனான்.
வண்டி அவனுடையதாக இருந்தால்
நானும் சிரித்திருப்பேன்.

இனாயத்துல்லா பழைய சென்சாரைக் கழற்றிக் காட்டினார்.
மரை முழுக்க வெள்ளை டேப்,
காயத்துக்குக் கட்டியது போல.
"ஒழுகக் கூடாதுன்னு எவனோ நல்ல மனசோட சுத்திட்டான்.
எர்த்து போச்சு. அப்புறம் முள்ளு இன்னா பண்ணும்?"

கொழுந்தன் முனிரத்தினம் ஒயர் பக்கம்.
ஏசி ரிப்பேர் பார்க்கிறவன்.
"அண்ணன் என்னைக்கு மீட்டரப் பாத்துச்சு?
இது கத்தும் அண்ணி. கத்தினாத்தான் அண்ணன் நிறுத்தும்."
உண்மை. சம்பங்கி ரோட்டைப் பார்ப்பார்,
ஓரம் போகிறவனைத் திட்டுவார்,
மடியில் மினுங்கும் போனைப் பார்ப்பார்.
முள்ளைப் பார்த்து நான் கண்டதில்லை.

ஆனால் எங்கள் பேட்டரி
ஹாரன் அடித்தாலே ஹெட்லைட் மங்குகிற பேட்டரி.
அதை நம்பி ஒரு கத்தலை எப்படி வாங்குவது?

இனாயத்துல்லா பேசாமல்
பக்கத்துக் கடையிலிருந்து ஒரு டீ வாங்கிவரச் சொன்னார்.
செம்புக் குழாயின் நுனிக் குமிழைக் கிளாஸில் முக்கினார்.
ஒயர் இல்லை, பேட்டரி இல்லை.
முள் சோம்பலாகப் புரண்டது,
பிறகு நகர்ந்தது.
அறுபது. எழுபத்தைந்து.
எண்பத்தெட்டில் நின்றது.
அந்த டீயை யாரும் குடிக்கவில்லை.

"அன்னைக்கு இது இருந்திருந்தா ஹெட் பொழைச்சிருக்குமா?"
அவர் குமிழைத் துணியில் துடைத்தார்.
விற்கிறவர் சொல்லக் கூடாத பதில்.
"ஓஸ் கிழிஞ்சு தண்ணி மொத்தமும் போச்சுன்னா
இதுவும் வெறும் ஆவியத்தாங்க்கா தொடும்.
தண்ணி இருந்தாத்தான் இது மீட்டரு."

அந்தப் பதிலுக்காகவே எண்ணூற்று ஐம்பது கொடுத்தேன்.
மீதி ஐம்பதில் ஓஸுக்குப் புது கிளிப்.
குழாயை மடக்கக் கூடாது, ஒட்டுப் போட முடியாது,
எட்டு அடி, அவ்வளவுதான்.
எட்டு அடி டிரைவர் பக்கம் தாராளமாக வரும்.
நான் இந்தப் பக்கம் மாட்டச் சொன்னேன்,
கிளீனர் சீட்டுக்கு நேரே.
முனிரத்தினம் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.
கிளீனர் பையன் நின்று இரண்டு மாதம் ஆகிறது,
அந்தச் சீட்டில் இப்போது
ரசீது புத்தகத்தோடு நான்தான்.

விடியற்காலை நாலரைக்கு, எஞ்சின் சில்லென்றிருக்கும்போது
மூடியைத் திறந்து விரலை விடுகிறேன்.
நனைந்தால் கிளம்பலாம்.
இதற்கு எந்தக் கடையிலும் மீட்டர் விற்பதில்லை.

நேற்று தொரப்பாடி போகிற வழியில்
மூணாவது டிரிப், காற்றே இல்லை.
பாலத்தில் ஏறும்போது வண்டி முனகியது மாதிரி இருந்தது.
"ஏதாச்சும் பிரச்சனையா?" என்றேன்.
"ஒண்ணுமில்ல" என்றார் சம்பங்கி,
பதினாறு வருஷமாக எல்லாவற்றுக்கும் சொல்கிற அதே குரலில்.
நான் எதிரே பார்த்தேன்.
எண்பத்தாறு.
டீயைவிட ரெண்டு கம்மி.