ஆறு நாற்பது

துர்க்கு நகரம். ஆற்றங்கரை அலுவலகம், இரண்டாம் மாடி.
படகுச் சீட்டு விற்கும் தளத்தை
மூன்றாக வெட்டச் சொன்னார்கள்.
தலைப்பகுதி குன்னேவிக்கு.
தேடலும் கால அட்டவணையும் சம்ப்ஸாவுக்கு.
பணம் வாங்குமிடம் ஹோதனுக்கு.
மூன்றையும் ஒரே பக்கமாகக் காட்டும் வெளி ஓடு எனக்கு.

கோட் மட்டும் ஒரே களஞ்சியத்தில்.
கூட்டுக்குடும்பம், தனி அடுப்பு என்றேன்.
ஹோதன் சிரிக்கவில்லை.
அவள் அடுப்பு அன்று பற்றவே இல்லை:
அவளுக்கு ஒதுக்கிய போர்ட்டில்
நேற்றைய பிராசஸ் ஒன்று
சாகாமல் உட்கார்ந்திருந்தது.

முதல் வாரம் முழுக்கப் பதிப்புகளோடு மல்லுக்கட்டு.
ஓடு ஒரு ரியாக்ட்டை ஏற்ற
தேடல் தன் பங்குக்கு இன்னொன்றைத் தூக்கிவந்தது.
ஓர் உறையில் இரண்டு கத்தி.
வெள்ளைப் பக்கம்,
கீழே சிவப்பில் முப்பது வரி.
சம்ப்ஸா ஜன்னலைத் திறந்துவைத்து
குளிரில் நின்று படித்தான்.

பக்கத்தைச் சர்வரிலேயே சமைத்து அனுப்ப வேண்டும்,
அது குன்னேவியின் பிடிவாதம்.
தீவுக்காரி.
"எங்கள் பக்கம் சிக்னல்
காற்றைக் கேட்டுக்கொண்டுதான் வரும்.
எழுத்து முதலில் போய்ச் சேரட்டும்.
ஸ்கிரிப்ட் பிறகு வந்து
தண்ணீர் ஊற்றிக்கொள்ளட்டும்."

ஊற்றினோம்.
மூன்று துண்டும் தையல் தெரியாமல் சேர்ந்த அன்று
ஏலக்காய் பன் வாங்கிவந்தது நான்.

அக்டோபர், இரண்டாம் செவ்வாய்.
ஹெல்ஷேர் தீவிலிருந்து பொர்யே என்பவர் அழைத்தார்.
கோபமில்லை, விசாரிப்புதான்.
ஆறு நாற்பது படகுக்கு
ஆறரைக்கே துறையில் நிற்கிறாராம்,
காலடியில் செத்துப்போன பேட்டரி, பழுதுபார்க்கக் கொடுக்க.
இப்போது எட்டரை.
விடிந்தும் விட்டது.
"படகை நிறுத்திவிட்டீர்களா,
இல்லை, நான் நிற்பது தப்பான துறையா?"

படகு ஒன்பது நாற்பதுக்கு.
என்றைக்கும் ஒன்பது நாற்பதுக்குத்தான்.

ஆறு நாற்பது என்று சொன்னது எங்கள் சர்வர்.
அது எந்த ஊரிலும் இல்லாத ஊர்,
பூஜ்ஜியத்தில் நிற்கும் கடிகாரம்.
ஸ்கிரிப்ட் வந்து இறங்கியதும்
ஆறு ஒன்பதாகும், ஒரு கண்சிமிட்டில்.
அந்தச் சிமிட்டலை நாங்கள் யாரும் பார்த்ததில்லை:
எங்கள் மடிக்கணினிகளில்
சர்வரும் பிரௌசரும் ஒரே ஊர்.
பொர்யேயின் கைபேசிக்கோ
ஸ்கிரிப்ட் வந்து சேரவே இல்லை.
அவருக்காகவே முன்னால் அனுப்பிய எழுத்து
அவரை மட்டும்
இருட்டில் கொண்டுபோய் நிறுத்தியது.

குன்னேவி எதுவும் பேசவில்லை.
பொதுக் கோப்புறையைத் திறந்தாள்,
நேரம் எழுதும் அந்தச் சின்ன ஃபங்ஷனில்
ஹெல்சிங்கியின் பெயரைச் சேர்த்தாள்.
ஒரு வரி.
மூன்று அடுப்பும் ஒன்றாகப் பற்றின.
பில்ட் ஓடிய ஏழு நிமிடமும்
ஹோதன் தொலைபேசியில் பொர்யேயோடு
பேட்டரி விலை பேசிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு எங்கள் எல்லோர் கணினியையும்
அந்த இல்லாத ஊருக்கே மாற்றிவிட்டோம்,
அடுத்த சிமிட்டலை நாங்களே பார்க்க.
திரையின் மூலையில்
மூன்று மணி நேரம் பின்னால் ஓடுகிறது என் நாள்.
மாதக் கடைசியில் கடிகாரம் மாற்றினால்
இரண்டு.
மதியச் சாப்பாட்டுக்கு
யாராவது தோளைத் தட்ட வேண்டியிருக்கிறது.