கடைசியில் உட்கார்ந்த ஈ

தயக்கத்துக்கு ஆங்கிலத்தில் பழைய சொல் ஒன்றுண்டு:
லோத்.
நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் கொடுத்துக்
காற்றை மட்டும் விட வேண்டும்.
'பத்து' என்கையில் வரும் த போல, குரலில்லாத த.
கடைசியில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தால்
'அது' என்கையில் வரும் த ஆகிவிடும்.
தொண்டை அதிரும்.
பொருளும் மாறி, வெறுப்பு என்றாகும்.

தமிழில் எழுதினால் இரண்டுமே லோத்.
நமக்கு வசதி.
எல்ஸ்பெத் ரட்டருக்கு அந்த வசதி இல்லை.

அப்பா இறந்த மார்ச்சில் அண்ணனுக்கு எழுதினாள்:
வெள்ளிக்கிழமை அடக்கம், வா.
பீட்டர்ஹெட்டிலிருந்து ஒரு வரி வந்தது.
வீட்டுக்கு வர எனக்கு லோத்.
கடைசியில் ஈ.

படிப்பில்லாத ஒருத்தி
அதைக் காதால் வாசித்திருப்பாள்,
சரியாக வாசித்திருப்பாள்.
இவளோ ஐமவுத் துறைமுக அலுவலகத்தில்
படகு வரவுப் பேரேடு எழுதுகிறவள்.
நண்டுச் சீட்டில் ஒரு புள்ளி பிசகினாலும்
சிவப்புப் பேனா எடுக்கிறவள்.
அந்த ஈயை அவள் ஓட்டிப் பார்க்கவில்லை.
டம்ளரோடு பாலைக் கொட்டிவிட்டாள்.

இலக்கணம் பார்த்தால்
அந்த இடத்தில் வெறுப்பு உட்காரவே முடியாது.
'வர' என்று ஒரு வினை
பின்னால் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறதே,
தயக்கத்துக்குத்தான் அங்கே நாற்காலி.
அவளுக்குத் தெரியாததா?
அடக்கம் நடந்த வாரத்தில்
யார் இலக்கணம் பார்க்கிறார்கள்.

பதினொரு வருடம்.

பிறகு அபர்தீன் ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன்.
நினியன் ரட்டர், இடுப்பெலும்பு, படிக்கட்டு.
நெருங்கிய உறவு என்ற கட்டத்தில்
உங்கள் பெயர்தான் இருக்கிறது.
பெரிக்கில் ரயில் ஏறிப் போனாள்.
மழையைப் பற்றிப் பேசினார்கள்.
மீன் விலையைப் பற்றிக் கொஞ்சம்.
பைஜாமா வேண்டும் என்று சாவியைக் கொடுத்தான்.

பீட்டர்ஹெட்டில் மூன்றாம் மாடி.
ஃபிரிட்ஜ் கதவில், காந்தம் பிடித்த சீட்டில்,
அவன் கையெழுத்து:
வெண்ணெய். பாத்திரம் துடைக்கத் துணி.
குளியலறை மிதியடி. பற்பசை.
அதன் கீழே, மூச்சுக்குழல் மருந்துக்கு:
காலையில் இரண்டு மூச்சு.

துணியின் கடைசியில் ஓர் ஈ.
குளியலில், பல்லில்,
மூச்சின் மேலும் ஓர் ஈ.
வெண்ணெய் மட்டும் தப்பித்திருந்தது.
அந்த த வருகிற எந்தச் சொல்லையும்
அவன் சும்மா விட்டதில்லை.

ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டே இருந்தது.
அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது,
அந்தக் கடிதத்தின் முதல் வரி.
அன்புள்ள எல்ஸ்பெத்.
அங்கேயும் ஈ. உறைமேல் ஐமவுத்துக்கும் ஈ.
ஏழாவது பிறந்தநாள் அட்டையிலிருந்து
அப்படித்தான் எழுதினான் அவள் பெயரை.
செல்லத்துக்கு வைத்த வால் என்று
யாரையும் திருத்த விட்டதில்லை அவள்.

திரும்பும் பேருந்தில், மடியில் பைஜாமா,
கைபேசியில் அகராதி திறந்தாள்.
தீர்ப்பு கிடைக்கும் என்று நினைத்தாள்.
இரண்டு சொல்லும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்,
ஆதியில் பகை என்ற ஒரே பொருள்தான்
என்று சொல்லிவிட்டு அது ஒதுங்கிக்கொண்டது.
(நாமும்தான் என்ன சொல்கிறோம்?
விருந்தாளிக்கு மூன்றாவது காபி கலக்கையில்
வேண்டாவெறுப்பாக என்கிறோம்.
வெறுப்பு உள்ளேயே இருக்கிறது,
யாரும் தேடுவதில்லை.)

கட்டிலருகே உட்கார்ந்து கேட்டாள்.
இரண்டு த-வையும் உச்சரித்துக் காட்டி, இதுவா, அதுவா?
நினியனுக்கு வித்தியாசம் கேட்கவில்லை.
என்ன கடிதம் என்றான்.
பிறகு, கறுப்புக் கோட்டு இல்லையே எனக்கு என்றான்.
ஆரஞ்சு உரித்தான், பாதியை அவளிடம் நீட்டினான்.
வெகுநேரம் கழித்து,
ரெண்டும் கொஞ்சம் என்றான்.

பார்வை நேரம் முடிந்ததென்று
நர்ஸ் திரையை இழுத்தாள்.
எழுந்திருக்க அவளுக்கு
லோத்.
அந்த த-வில் குரல் இல்லை.
பல்லிடுக்கில் கொஞ்சம் காற்று,
ஆரஞ்சு வாசனையோடு.