பெரிய ற

கடேசனுக்கு யானை வரும், குதிரை வரும்,
மவுண்ட் ரோடு மழையில் நின்றுபோன பல்லவன் பஸ்
சன்னலுக்குச் சன்னல் வேறு முகத்தோடு வரும்.
பெரிய ற மட்டும் வராது.

அதற்குத்தான் என்னை வைத்திருந்தார்கள்.
எல்லிஸ் ரோட்டில், பிளாக் எடுக்கும் கடைக்கு மேல்,
மாலைப் பேப்பரின் மூன்றாம் மாடி.
கட்டங்களை வரைந்து என் பக்கம் தள்ளுவார்.
பலூன்களுக்குள் பென்சில் கிறுக்கல்.
"மறத்தில் ஏரினான்" என்றிருக்கும்.
அவனை மரத்தில் ஏற்றிவிடுவது என் வேலை.
படத்துக்கு நாலு ரூபாய். பிறகு பதினொன்று.

'நாலாம் நம்பர் கவுன்ட்டர்' என்றால் ஊருக்கே தெரியும்.
மூன்று கட்டம், முப்பத்தொரு வருஷம்.
முதலில் வரிசை. அடுத்து
யாராவது ஒரு படிவத்தை நீட்டுவார்.
மூன்றாவதில் குமாஸ்தா வேதகிரி
சோற்று டப்பாவைத் திறப்பார், அல்லது
ஐந்தாம் நம்பரைக் கைகாட்டுவார், அல்லது
ரப்பர் ஸ்டாம்பால் கொசு அடிப்பார்.
சைதாப்பேட்டை சலூன்களில்
அந்தப் பக்கம்தான் முதலில் கிழியும்.
ஒரு மந்திரி போன் போட்டு "அது நானாய்யா?" என்றார்.
"உங்க மூக்கு இவ்வளவு லட்சணமா இருக்காதுங்க"
என்றார் கடேசன்,
போனை வைத்த பிறகு.

வரிசையில் தினமும் ஓர் அம்மா.
குடை. முதுகு மட்டும்.
கனகாம்பரம் என்று நாமே நினைத்துக்கொள்ள வேண்டிய
நாலு புள்ளி.
கல்யாணப் பந்தியில் கேட்டார்கள்,
பல் டாக்டர், அவர் வாயைத் திறக்கவைத்துக் கேட்டார்:
அந்தம்மா எப்ப சார் ஜன்னல்கிட்ட வரும்?
"வரிசை நகரணுமே."

விருது கொடுத்தார்கள் ஒருமுறை.
மேடையில் இங்க் கம்பெனிக்கு நன்றி சொன்னார்,
ஆபீஸ் டீப் பையனுக்குச் சொன்னார்.
நான் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.
ஆறு நாள் அவரோடு பேசவில்லை.
எழுதினேன். பேசவில்லை.
ஏழாம் நாள் பஜ்ஜிப் பொட்டலத்தை
என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.
என்ன சொல்ல? சூடாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அயனாவரம் சிக்னலில்,
பச்சை விழக் காத்திருந்தபோது போனார்.

டிராயரில் ஆறு படம் மிச்சம்.
திங்கள் முதல் சனி வரை போடலாம் என்றார் எடிட்டர்,
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.
ஐந்தில் பலூன் காலி. நானே நிரப்பினேன்.
புதன்கிழமை ஜோக் கொஞ்சம் சுமார்.
யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஆறாவதில் வரிசையே இல்லை.
அந்தம்மா குடையை மடக்கிக்கொண்டு
கவுன்ட்டருக்கு நேரெதிரே. அப்போதும் முதுகுதான்.
வேதகிரி, முப்பத்தொரு வருஷத்தில் முதல்முறையாக,
எழுந்து நிற்கிறார்.
பலூனுக்குள், அழித்து அழித்து எழுதின
பள்ளம் தெரிய, பென்சிலில்:
"சில்லரை இருக்கா?"

தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.
பேனாவைத் தொட்டேன். நிப் காய்ந்தது.
மறுபடி தொட்டேன்.
அவர் கை சாயும் பக்கமே சாய்த்து
எழுதினேன்,
சின்ன ர.

மறு வியாழன் ஒரு கார்டு வந்தது.
வில்லிவாக்கம், ஞானசுந்தரி, தமிழாசிரியை, ஓய்வு.
"ஆசிரியர் அவர்களுக்கு,
சில்லறைக்கு வல்லின றகரம்.
முப்பத்தொரு ஆண்டுகளாகப் படித்துவருகிறேன்,
இந்தப் படத்தில் ஒரு பிழை கண்டதில்லை.
வரைந்தவர் மறைந்த செய்தி அறிவேன்.
எழுதியவரும் இறந்துவிட்டாரா?
ஆழ்ந்த அனுதாபங்கள்."

கார்டை இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.
பிழையில்லை.