ஆறுதல்

மஞ்சூருக்குக் கீழே, பென்ஸ்டாக் குழாய் வளையும் இடத்தில்
ஒரு தகரக் கொட்டகை.
உள்ளே ஆளுயர எஃகு உருளை.
உலோக பிஸ்டன் கிடையாது, வளையம் கிடையாது, கிரீஸ் கிடையாது.
கீழிருந்து தண்ணீர் ஏறும்.
மேலே காற்று
ஒதுங்க இடமில்லாமல் ஒடுங்கும்.
அவ்வளவுதான் இயந்திரம்.

இரவு ஒரு மணிக்கு மேல்
பல்லடத்துக் காற்றாலைகள் சுற்றித் தள்ளும் மின்சாரத்தை
வாங்க ஆளிருக்காது.
அந்த மிச்சத்தைக் காற்றாக மடித்து வைத்து
மாலையில் பிரித்துக் கொடுக்க வேண்டும்.
மடிப்பது சுலபம்.
பிரிக்கும்போது குறைகிறது.

முதல் ஓட்டம், தொண்ணூறு நொடி.
பத்து பார். எண்பத்து நான்கு டிகிரி.
ஹாலன் வால்வை இறுக்கிவிட்டுக் கை தட்டினார்.
நான் தட்டவில்லை.
விடியும்போது உருளை பதினாலு டிகிரிக்கு வந்திருந்தது,
முள் எட்டில் நின்றது.
சோப்பு நுரை தடவிப் பார்த்தோம், ஒரு குமிழ் இல்லை.
பூட்டை உடைக்காமல் திருடியிருந்தது குளிர்.

ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும் என்பார்கள்.
எங்களுக்கு ஆறுவதுதான் நட்டம்.
ஆறுவதற்கு எதுவும் மிஞ்சாதபடி ஆக்க வேண்டும்.
அழுத்த அழுத்தவே, அந்தக் கணமே,
சூட்டைக் காற்றிடமிருந்து கழற்றிவிட வேண்டும்.

மெதுவாக ஏற்றிப் பார்த்தோம், நாற்பது நிமிடம்.
சூடேறவில்லை.
கோவை அலுவலகத்திலிருந்து போன் வந்தது:
"இந்த வேகத்தில் ஒரு ஊருக்கு விளக்கேற்ற
எத்தனை உருளை வேண்டும், கணக்குப் போட்டீர்களா?"
போட்டிருந்தேன். சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.
கையிலிருந்ததைப் பார்த்தேன்.
சுருள் சுருளாய் எஃகு நார்.
உள்ளங்கைக்குள் அடங்கும்,
பிரித்து நீட்டினால் தெருவுக்குள் அடங்காது.

மஞ்சூர் கடைவீதியில் இருந்த அத்தனையும், மீதி ஊட்டியிலும்:
இருநூற்று நாற்பது.
தணிக்கையில் கேள்வி வந்தது,
"கம்பிநார், எந்தப் பாத்திரம் தேய்க்க?"

உருளையின் மேற்பாதியில் அடைத்தோம்.
இப்போது காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பியை இடித்தது.
பின்னாலேயே ஏறி வந்த தண்ணீர்
கம்பியிடமிருந்து சூட்டை வாங்கிக்கொண்டது.
வால்வை ஹாலன் கையிலெடுத்தார்,
முன்பு கெத்தைப் பாதையில் பஸ் ஓட்டியவர்.
நேர் ரோட்டில் மிதி,
கொண்டை ஊசியில் நிதானம்,
திரும்பியதும் மறுபடி மிதி.
எட்டு வாரம் நான் மல்லுக்கட்டிய சமன்பாடும்
அதையேதான் சொன்னது,
அவரைவிடச் சற்றுத் தாமதமாக.

முப்பத்தொரு டிகிரி.
காலையில் முள் ஒன்பதரைக்கு ஒரு மயிரிழை கீழே.

இன்னொரு வம்பு.
வடித்தபோது தண்ணீர் பாலாய் வெளுத்துச் சீறியது,
உடைத்த கோலி சோடா மாதிரி.
நெருக்கியதில் காற்று நீருக்குள்ளேயே குடிபோயிருந்தது.
நீர்மட்டத்தை மூட பிங்பாங் பந்துகளை மிதக்கவிட்டேன்.
எடுத்தபோது பிழிந்த எலுமிச்சை மூடிகள்.
தைலம் ஊற்றி மூடலாமே என்றார் ஹாலன்,
மைத்துனர் காய்ச்சுகிறார், மலிவாகத் தருவார்.
அழுத்திய காற்றில் எண்ணெய் விட்டால்
அதற்கு டீசல் இஞ்சின் என்று பெயர்,
இரண்டு பேரும் குந்தா அணையில் போய் இறங்குவோம் என்றேன்.
இதற்கு இன்னும் விடை இல்லை.

நாலரை மணி. தேயிலைமேல் உறைபனி.
நாற்பது முறை ஏறி இறங்கிய தண்ணீரை
ஹாலன் திறந்துவிட்டார்,
சட்டென்று இரண்டு கைகளையும் நீட்டினார்.
"மேடம், வெதுவெதுன்னு இருக்கு."
நானும் நீட்டினேன்.
நூறில் திரும்பி வராத பதினொன்றில் ஒரு பங்கு
விரலிடுக்கில் ஓடி
வாய்க்காலில் இறங்கியது.

படிவத்தில் அதற்குரிய கட்டத்தின் தலைப்பு, இழப்பு.
எழுதினேன்.
ஈரக் கை,
மை கொஞ்சம் பரவியது.