நிர்வாகச் செலவு

செவ்வாய்ப்பேட்டையில்
கடை கூட்டிய தூசியையும் எடை போட்டு விற்பார்கள்.
அதில் வெள்ளி இருக்கிறது.
கொலுசுப் பட்டறை வாசல் சாக்கடையைச்
சட்டியில் அள்ளி அரித்து
மாலைக்குள் குன்றிமணி அளவு சேர்த்துவிடுகிறவர்களைப்
பார்த்தபடி படியேறினேன்.
பையில் ரசீதுப் புத்தகம்,
எண்பது ஜி சான்றிதழின் நகல்,
இரண்டு வருடத் தணிக்கை அறிக்கை,
பாவாயியின் புகைப்படம்.

'உக்காருங்க மேடம், டீயா காபியா?'
நல்ல மனிதர்.
ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறார்.
மாநகராட்சிப் பள்ளிக்கு மின்விசிறிகள் கொடுத்திருக்கிறார்,
றெக்கைக்கு றெக்கை அவர் அப்பாவின் பெயர்.
கரண்ட் போனால் படிக்கலாம்.

கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.
'வழக்குச் செலவுன்னு போட்டிருக்கே, யார் மேல வழக்கு?'
மாநகராட்சி மேல். ஒப்பந்தக்காரர் மேல்.
எந்த ஒப்பந்தக்காரர் என்று அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
சேலம் சின்ன ஊர்.
'சம்பளம், வாடகை, கரண்ட் பில்...
நிர்வாகச் செலவே இவ்வளவு ஆகுதா?
தையல் மெஷின் மாதிரி ஏதாவது இருந்தா சொல்லுங்க.'

ஏழு வருடமாக இதுதான் வேலை.
நிதி திரட்டும் பிரிவின் தலைவி.
பிரிவு என்றால் நான், ஒரு மடிக்கணினி,
வாரம் மூன்று நாள் வரும் இன்பசேகரன்.
'உரிமை'யை 'நலன்' என்று மாற்றினால்
ஒரு சைபர் கூடும்.
'சாதி'யை எடுத்துவிட்டால் இன்னொன்று.
இரண்டையும் செய்திருக்கிறேன்.
அந்த சைபர்களில்தான்
வக்கீலின் பாதி ஃபீஸ் போனது.

மார்ச்சில் ஏற்காட்டில் ஒரு விருந்து,
காபித் தோட்டத்து விடுதியில்.
பதினான்காம் வளைவில்
ஜன்னலுக்கு வெளியே பாவாயி வாந்தியெடுத்தாள்.
நான் கையில் வைத்திருந்தது அவள் பேச்சு:
மூன்று நிமிடம்,
குழிக்குள் இறங்கிய புருஷன்,
மேலே கிடந்த செருப்பு,
செருப்புக்கு அப்புறம் சற்று நிறுத்தவும் என்று
அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தேன்.

மேடையில் அவள் தாளை மடித்து
ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.
'உங்க வூட்டுக் குழி எந்தப் பக்கம் இருக்குன்னு
இங்க யாருக்காவது தெரியுமா?'

கரண்டிச் சத்தம் நின்றது.
உண்மையாகவே பதிலுக்குக் காத்திருந்தாள்.
ஒருவரும் சொல்லவில்லை.
எங்கள் அடுக்குமாடியில்
குழி எங்கே என்று யோசித்தேன்.
எனக்கும் தெரியவில்லை.

அன்றைய வசூல் வேன் வாடகைக்குப் போதவில்லை.
இறங்கும்போது
'சரியாச் சொன்னனா மேடம்?' என்றாள்.
நான் மனதுக்குள் கழித்துக்கொண்டிருந்தேன்,
ஏப்ரல் சம்பளத்திலிருந்து மே மாதத்தை.
தலையை ஆட்டினேனா என்று நினைவில்லை.

திங்கட்கிழமை ஒரு சிமெண்ட் சாக்கு வந்தது.
சங்கத்துப் பெண்கள் சேர்த்தது,
முழுக்கப் பத்து ரூபாய்க் காசு.
டவுன் பஸ் கண்டக்டர் வாங்காதது,
தட்டுவடை செட் போடுகிறவர் தள்ளிவிட்டது,
யாரும் வாங்காத காசு
தெருக் கூட்டுகிறவள் கைக்கு வரும்.
'செல்லுமா, செல்லாதான்னு நீங்களே பாத்துக்குங்க.'

செல்லும்.
எழுநூற்றுப் பதினெட்டு காசு,
இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்.
ஒவ்வொன்றுக்கும் ரசீது எழுதி
இன்பசேகரனுக்குக் கட்டை விரல் வீங்கிவிட்டது.
பான் எண் என்ற கட்டத்தில்
கோடு, கோடு, கோடு.

வங்கியில் காசாளர் பெருமூச்சு விட்டார்.
'எந்தக் கோயில் உண்டியல்?'
சலானைத் திருப்பிக் காட்டினேன்.
விவரம்: வழக்குச் செலவு.
மாற்றி எழுதாமல், முழுதாக.

எண்ணும்போது ஒன்று நழுவி
கவுண்டருக்கு அடியில் உருண்டது.
'பத்து ரூபா தானே, விடுங்க மேடம்.'
பின்னால் வரிசை முனகியது.
சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு
தரையில் மண்டியிட்டுக்
கையை விட்டுத் துழாவினேன்.