ஒரு மாத்திரை

தணிக்கைக்கு வந்தவர்
பதினான்காம் பத்தியில் நின்றுவிட்டார்.
படிப்பை நிறுத்திய மாணவருக்கு
உதவித்தொகை போயிருக்கிறது.
வசூலித்துக் கணக்கில் சேர்க்கவும்.
பென்சிலில்தான் எழுதினார்.
எந்த ரப்பருக்கும் அழியாத பென்சில்.

த. ஸ்டார்வின், தூத்தூர்.
இயற்பியல், இரண்டாம் ஆண்டு வரை.
ஒன்பதாயிரத்து முன்னூற்றைம்பது ரூபாய்.
நாகர்கோவிலில் என் மேசையில் கிளம்பி
சென்னைக்குப் போய்
மூன்று பேர் ஒப்புதலுக்குக் காத்துக் கிடந்து
அவன் கணக்கில் போய் விழுந்த நாளில்
வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் மேல்
சிவப்புக் கோடு இருந்தது.

கடிதம் போட்டேன். திரும்பி வந்தது.
உறைமேல் தபால்காரர் எழுதியிருந்தார்:
ஆள் கடலில்.
இருபது நாள் கழித்து இன்னொன்று:
இன்னும் கடலில்.
மூன்றாவது உறையில்
ஒரு கேள்விக்குறி மட்டும்.

தபால் செலவு, ஜெராக்ஸ்,
கருவூலத்துக்கு ஆட்டோ, இரண்டு தடவை,
என் அரைநாள்கள், சூப்பிரண்டு செல்லதாஸ் சாரின் அரைநாள்கள்,
தணிக்கையாளரின் பயணப்படி,
வடசேரியில் அவருக்கு அறை,
மதியம் நெய்மீன் குழம்பு.
கூட்டிப் பார்த்தால்
ஒன்பதாயிரம் எப்போதோ பின்னால் போயிருந்தது.
"பிள்ளியளுக்குக் குடுக்க ஆவுத செலவ விட,
குடுத்தது செரியான்னு பாக்க ஆவுத செலவுல்லா கூடுது"
என்றார் செல்லதாஸ் சார்.
டீ சொன்னார்.
அந்த டீயையும் எழுதிக்கொண்டேன்.

மழை பெய்த ஒரு திங்கட்கிழமை
அவனே வந்தான்.
கழுத்து கறுத்து, உதடு வெடித்து,
பாஸ்புக்கை நைலான் கவருக்குள் வைத்து.
"பைசா வந்ததே தெரியாது மேடம்.
இருப்பு கொறஞ்சு கெடந்துதுன்னு பேங்குக்காரன் கொஞ்சம் பிடிச்சிருக்கான்.
மிச்சம் அப்படியே கெடக்கு. கெட்டிரட்டா?"

போட்டில் என்ன வேலை என்று கேட்டேன்.
கேட்டிருக்க வேண்டாம்.
"எக்கோ சவுண்டர் நான்தான் பாப்பேன்.
சத்தம் அடிமட்டம் போய்த் திரும்புத நேரத்த
ரெண்டா வகுக்கணும்லா.
மத்தவங்க திரைய மட்டும் நம்புவாவ.
எனக்குக் கணக்கு தெரியும்."
பிறகு, மழை விடாது போல என்கிற மாதிரி சொன்னான்:
"பரீட்சைக்கு முன்ன வந்திருந்தா
பீசு கெட்டியிருப்பேன்."

கோப்பைப் புரட்டினேன்.
தாமதத்துக்குக் காரணம் ஒரே ஒரு குறிப்பு.
'தந்தை பெயரில் வேறுபாடு. திருப்பி அனுப்பப்படுகிறது.'
கீழே சுருக்கொப்பம், தேதி.
என் சுருக்கொப்பம்.
ரேஷன் கார்டில் ததேயுஸ்.
வருமானச் சான்றில் ததேயூஸ்.

நான் தமிழ் எம்.ஏ.
குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு,
மாத்திரை என்றால் கண் ஒருமுறை இமைக்கும் நேரம்,
இதை எழுதி மதிப்பெண் வாங்கியவள்.
யுவுக்கும் யூவுக்கும் நடுவில் இருந்த
அந்த ஓர் இமைப்பைச் சரிசெய்ய
ஒரு மனிதர் வலையை விட்டுவிட்டு
தாலுகா ஆபீஸ் படியில் ஏழு மாதம் ஏறி இறங்கியிருக்கிறார்.
தணிக்கையில் அதற்குப் பத்தி கிடையாது.
எனக்கும் அந்த அரசுதான்
ஐந்து வருடம் படிக்கப் பணம் தந்தது.
என் அப்பா பெயரில் நெடிலே இல்லை, தப்பித்தேன்.

முன்னூற்றைம்பத்து நான்கு ரூபாய் குறைகிறது.
என் பையில் இருந்தது, போட்டேன்.
பெருந்தன்மை ஒன்றுமில்லை.
அவனுக்குத் தெரியாமல் போட வேண்டியிருந்தது
என்பதுதான் கஷ்டம்.

செலுத்துச் சீட்டிலும்
தந்தை பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது.
"எது எழுத? யுவா, யூவா?"
அவன் சிரித்தான்.
"வீட்டுல ததேன்னுதான் விளிப்பாவ மேடம்."

"ட்ரெஷரி மூணு மணிக்கு அடச்சிருவான்"
என்று வாசலில் யாரோ சத்தம் போட்டார்கள்.
த. தே. ய.
பேனா அந்த இடத்தில் நின்றது.
வெளியே தூத்தூர் பஸ்சா, கொல்லங்கோடு பஸ்சா
என்று அவன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் கண்ணை இமைக்கவே இல்லை.